காதுக்கு வாங்கிய முழுப் புள்ளி

என் கணவர் கணித ஆசிரியர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டு வளவுக்குள் ஒரு தகரக் கொட்டில் போட்டு ரியூசன் நடத்துகிறார். எங்கள் ஊர் மானிப்பாயில் அரைவாசிப் பேர் அவரிடம் படித்தவர்கள், மிச்ச அரைவாசிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள் என்று நான் பகிடி பண்ணுவதுண்டு. அவரைப் பொறுத்தவரை எந்தக் காரியத்துக்கும் முடிவில் ஒரு புள்ளி இருந்தாக வேண்டும். மாம்பழம் வெட்டிக் கொடுத்தால்கூட ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, "எழுபத்தைஞ்சு குடுக்கலாம்" என்பார். அப்படிப்பட்டவருடைய மனைவிக்குக் காது சோதிக்கிறார்கள் என்றால் அந்த வீடு என்ன பாடு பட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஒரே மகள். அவள் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் என் காது மெல்ல மெல்லப் போகத் தொடங்கியது. முதலில் பல்லி சொல்வது நின்றது. பிறகு குக்கர் கூவுவது நின்றது. மகள் அடுப்படி வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப்போய், வந்து தோளைத் தட்டுவாள். காதில் மாட்டும் சாதாரணக் கருவிகள் கொஞ்சக் காலம் உதவின. ஒரு கட்டத்தில் அவையும் கையை விரித்துவிட்டன.

அதற்குப் பிறகு நான் உதடு பார்த்துக் கதை பிடிக்கப் பழகினேன். அதில் நான் கெட்டிக்காரி, அடக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. ஒருமுறை யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில், எதிர் இருக்கையில் இருந்த இரண்டு பெண்கள் என் சேலையைப் பற்றிக் கதைத்தார்கள். இறங்கும்போது, "இது தைப்பொங்கலுக்கு எடுத்ததுதான் பிள்ளையள், பழசு இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஆனால் உதடு தெரிகிற மட்டும்தான் அந்தக் கெட்டித்தனம். யாராவது தலையைத் திருப்பினால் நான் செவிடி. போனில் உதடு இல்லை.

மகள் கலியாணம் முடித்து லண்டன் போனாள். அதிலிருந்து அவளுக்கும் எனக்கும் நடுவில் என் கணவர்தான் நின்றார். அவள் அங்கிருந்து சொல்வதை அவர் கேட்டு, எனக்கு உதட்டசைத்துச் சொல்வார். நான் சொல்வதை அவர் அவளுக்குத் திருப்பிச் சொல்வார். வீடியோவில் அவளுடைய முகம் வரும்தான், ஆனால் எங்கள் வீட்டு இணைப்பில் முகம் ஒரு பக்கம் கோணிக்கொண்டு நின்றுவிடும், வாய் அசையாது. செய்தி எழுதி அனுப்பலாம். ஆனால் எங்கள் இருவருக்கும் ஒரே போன், அதுவும் அவருடைய சட்டைப் பைக்குள். வருகிற எதையும் அவர்தான் முதலில் வாசிப்பார், வாசித்துவிட்டு எழுத்துப்பிழை வேறு திருத்துவார். ஒரு மகள் தாயிடம் மட்டும் சொல்லக்கூடிய விஷயங்கள் எத்தனையோ இருக்கின்றன. அத்தனையும் எங்களுக்குள் சொல்லப்படாமலே கிடந்தன.

போன வருடம் கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து காதுக்குள் கருவி வைத்தார்கள். ஒரு பகுதி தோலுக்கு உள்ளே இருக்கும். இன்னொரு பகுதியைக் காதுக்குப் பின்னால் மாட்ட வேண்டும். இரண்டையும் ஒரு காந்தம் பிடித்து வைத்திருக்கும். வீட்டில் நாங்கள் அதை 'மெசின்' என்றே சொல்லுகிறோம். முதன்முதலில் அதைப் போட்டுவிட்ட அன்று உலகம் திரும்பி வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு போனேன். வந்தது தகரப் பேணிக்குள் அகப்பட்ட வண்டின் சத்தம். கணவரின் குரலும் நர்ஸின் குரலும் தெருவில் போன ஓட்டோவும் எல்லாம் ஒரே வண்டுதான். இதற்காகவா மண்டையைக் கிழிக்கக் கொடுத்தேன் என்று திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். காது கேட்கத் தொடங்கிவிட்டது, இனி மூளைதான் அதைப் படிக்க வேண்டும், பொறுமையாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பொறுமையாக இருக்க ஊர் விட்டால்தானே. பார்க்க வந்தவர்கள் அப்பிளும் பிஸ்கற்றும் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்ததை மேசையில் வைத்த கையோடு எனக்குப் பின்னால் போய் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு, "அக்கா, நான் இப்ப என்ன சொன்னனான், சொல்லுங்கோ பாப்பம்" என்றார்கள். முன் வீட்டுக்காரர் என் தலைக்குப் பின்னால் நின்று கை தட்டியே பார்த்தார். தெரியவில்லை என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் ஓர் இரக்கம் வரும் பாருங்கள், அதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீங்கள் சொன்னது கேக்கிறதுக்குப் பெறுமதியில்லை எண்டு மெசினே விட்டிட்டுது" என்று ஒருவருக்குச் சொல்லிவிட்டேன். அவர் அதற்குப் பிறகு வரவில்லை.

உண்மையான சோதனை யாழ்ப்பாணத்தில் ஒரு கிளினிக்கில் நடந்தது. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த சின்ன அறை. முன்னால் ஓர் ஒலிபெருக்கி. அதிலிருந்து ஒரு வசனம் வரும், கேட்டதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். எத்தனை சொல் சரியாகச் சொன்னேன் என்று பார்ப்பார்கள். முதலில் அமைதியில், பிறகு பின்னால் பலர் கதைக்கிற இரைச்சலையும் சேர்த்து. அந்தப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் மெசினை எப்படிச் சரிக்கட்டுவது, அடுத்த முறை எப்போது கூப்பிடுவது என்று முடிவெடுப்பார்கள்.

சோதிக்கிற பிள்ளை என் கணவரிடம் கணிதம் படித்தவள். யாழ்ப்பாணத்தில் இந்த விபத்திலிருந்து தப்ப முடியாது. சோதிக்கும்போது கூட வந்தவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஆனால் தன்னுடைய கணக்கு மாஸ்டரைப் பார்த்து, "சேர், நீங்கள் வெளியிலை இருங்கோ" என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அவர் எனக்குப் பின்னால் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, பரீட்சை மண்டபத்து மேற்பார்வையாளர்போலக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

முதல் வசனம் வந்தது. வண்டு சுற்றிவிட்டு நின்றது. "தெரியேல்லை" என்றேன். அடுத்தது. "அக்கா... என்னவோ வாங்கினா." அதற்கடுத்தது. "தெரியேல்லை பிள்ளை." என் கணவருக்கு அத்தனையும் தெளிவாகக் கேட்டிருக்கும். நான் பிழைவிடுகிற ஒவ்வொரு தடவையும் அவர் கதிரையில் அசைவது என் முதுகுக்குத் தெரிந்தது. அவருடைய மாணவிக்கு முன்னால், அவருடைய மனைவி, 'பால்காரர் இன்று வரவில்லை' என்ற வசனத்தைச் சொல்லத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. முடிவில் அந்தப் பிள்ளை, "முதல் முறைதானே அன்ரி, இவ்வளவு வந்ததே காணும்" என்றாள். உதட்டைப் பார்த்தே பொய் என்று தெரிந்துவிட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் விரல்களை மடக்கி மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். ஆனைக்கோட்டை தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "தம்பி பந்தை மதிலுக்கு மேலாக எறிந்தான்" என்றார். எனக்கு விளங்கவில்லை. "அதுதான் முதலாவது. ரெண்டாவது, அக்கா சந்தையில் கத்தரிக்காய் வாங்கினாள். மூண்டாவது, மழை பெய்ததால் பள்ளிக்கூடம் மூடப்பட்டது." ஒலிபெருக்கியில் வந்த அத்தனை வசனங்களையும் அந்த மனிதர் ஒழுங்கு பிசகாமல் மனதில் வாங்கி வந்திருந்தார். வாழ்க்கை முழுவதும் கடந்தகால வினாத்தாள் செய்வித்தே பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பியவர் அவர். "தமிழிலை அவளிட்டை இருக்கிறதே கொஞ்ச வசனம்தான். திருப்பித் திருப்பி உதுகள்தான் வரும். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்" என்றார்.

அடுத்த நாள் தொடங்கியது ரியூசன். நான் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன், அவர் எனக்குப் பின்னால் வந்து கொப்பி மட்டையால் வாயை மறைத்துக்கொண்டு ஒரு வசனம் சொல்வார். நான் சொல்ல வேண்டும். உடுப்புக் காயப்போடும்போது ஒன்று. சாமி கும்பிட்டுக் கண்ணைத் திறந்தால் ஒன்று. "இஞ்சருங்கோ, என்னைக் கொஞ்சம் மூச்சு விட விடுங்கோவன்" என்று கத்தினேன். ஆனாலும் படித்தேன். கெதியிலேயே வசனத்தின் முதல் சத்தம் வந்ததும் மிச்சம் தானாக என் வாயில் வந்து நின்றது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நான் ஏமாற்றுகிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தெரிந்த வசனம் உண்மையாகவே காதில் தெளிவாகக் கேட்கிறது. வண்டு போய்விடுகிறது, சொற்கள் வந்துவிடுகின்றன. எனக்குக் காது வருகிறது என்று நான் முழுதாக நம்பினேன். அவரும் நம்பினார். மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவதாக நேர்த்தி வேறு வைத்தார். ரியூசன் பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னம் வைக்கிற அதே நேர்த்திதான்.

அடுத்த முறை போனபோது அவர் சொன்னபடியே அதே வசனங்கள் வந்தன. தம்பி பந்தை எறிந்தான். அக்கா கத்தரிக்காய் வாங்கினாள். மழை பெய்தது. இரைச்சலைச் சேர்த்தபோதும் நான் தயங்கவில்லை. சோதிக்கிற பிள்ளையின் முகம் மலர்ந்து போனது. முழுப் புள்ளி. அவள் கதிரையைவிட்டு எழும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்ரி, நான் எதிர்பார்க்கவே இல்லை. இனி மெசினிலை ஒண்டும் மாத்தத் தேவையில்லை. கன நாளைக்குப் பிறகு வந்தால் காணும். இனிப் போனிலை கதைச்சுப் பழகுங்கோ" என்றாள். என் கணவர் தன்னுடைய பிள்ளை மாவட்டத்தில் முதலாவதாக வந்ததுபோல நின்றார்.

வடைமாலை சாத்தப் போன இடத்தில் தெரிந்தவர்கள் எல்லோரும் "எத்தினை மாக்ஸ்?" என்றுதான் கேட்டார்கள். காது எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. "நூறு" என்று அவர் சொல்ல, நான் பக்கத்தில் குனிந்துகொண்டு சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் எனக்குக் கூச்சத்தில் உடம்பு குறுகுகிறது.

அன்றே மகளுக்கும் சொன்னார். வீடியோவில் அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தியதைக் கண்டேன். பிறகு ஏதோ சொன்னாள். அவர் எனக்குத் திருப்பிச் சொன்னார். "இனி அப்பா இல்லாமல் அம்மாவோடை கதைக்கலாம் எண்டு சொல்லுறாள். பாத்தீரே, என்ரை வேலை போச்சு." அவருக்கு அது பெரிய பகிடி. அடுத்த நாளே எனக்கென்று ஒரு போன் வாங்கித் தந்தார்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு பின்னேரம், அவர் கொட்டிலில் படிப்பித்துக்கொண்டிருந்தார். நான் விறாந்தையில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். மடியில் இருந்த போன் அதிர்ந்தது. மகளின் படம் விழுந்தது. வீடியோ இல்லை, வெறும் குரல் அழைப்பு. கையைத் துடைத்துக்கொண்டு, காதுக்குப் பின்னால் மெசின் இருக்கிற இடத்தில் போனை வைத்தேன். "அம்மா" என்றது. அது விளங்கியது. அடுத்து வந்ததில் 'அப்பா' என்பதும் விளங்கியது. அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்கிறாள் என்று ஊகித்து, "இல்லைப் பிள்ளை, அவர் ரியூசன். நீ சொல்லு" என்றேன். நான் எவ்வளவு பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டேன் தெரியுமா? என் மகளோடு, நடுவில் ஒருவரும் இல்லாமல்.

அதற்குப் பிறகு அவள் கதைத்தாள். நீளமாகக் கதைத்தாள். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வண்டு ஏறியது, இறங்கியது, நின்றது, திரும்பவும் தொடங்கியது. 'எனக்குக் கேக்கேல்லை மகள்' என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் நூறு எடுத்தவள் எப்படி அதைச் சொல்வது? ஊரெல்லாம் சொல்லி, சாமிக்கு மாலையும் சாத்திய பிறகு? "ஓம்" என்றேன். "ஓம் ஓம்" என்றேன். காது போன காலத்திலிருந்து எனக்குக் கைகொடுத்த சொல் அது. எந்த இடத்தில் போட்டாலும் அனேகமாகப் பொருந்தும்.

பிறகு சத்தம் மாறியது. விட்டு விட்டு, இழுத்து இழுத்து வந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் மகள் அப்படித்தான் சிரிப்பாள், மூச்செடுக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. எனக்குச் சந்தோசம் பொங்கிவிட்டது. நானும் சிரித்தேன். அவள் நிறுத்தாமல் இருக்க, நானும் நிறுத்தாமல் சிரித்தேன். "நல்லது மகள், நல்லது" என்றேன். சத்தம் சட்டென்று நின்றது. பிறகு லைன் வெட்டுப்பட்டது. எங்கள் பக்கத்து இணைப்பின் குணம் தெரிந்ததுதானே என்று போனைக் கீழே வைத்துவிட்டு மிச்ச முருங்கையிலையை ஆய்ந்தேன்.

கணவர் வந்ததும் வராததுமாகச் சொன்னேன். "நீங்கள் இல்லாமல் நாங்கள் கதைச்சனாங்கள். சிரிச்ச சிரிப்பிலை எனக்கு வயிறு நொந்து போச்சு." என்ன சொன்னாள் என்று அவர் கேட்டார். "அது எங்கடை கதை. எல்லாத்தையும் உங்களுக்குச் சொல்லேலுமோ?" என்றேன். அவர் அதை முன் வீட்டுக்காரருக்கும் போய்ச் சொன்னார்.

அதற்குப் பிறகு மகள் எனக்கு அழைப்பு எடுக்கவில்லை. தகப்பனுக்கு எடுத்தாலும் வேலை என்று சொல்லிக் கெதியாய் வைத்துவிட்டாள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஒரு நாள் காலை மருமகன் என் கணவருக்கு எடுத்தான். அவர் வாசற்படியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் ஒன்றும் தெரியவில்லை. கதைத்து முடித்த பிறகும் திரும்பாமல் நின்றார். நான் போய் முன்னால் நின்றேன். அவருடைய முகம் நான் காணாத முகமாக இருந்தது.

"அவளுக்கு வயித்திலை பிள்ளை தங்கினதாம். ஒருத்தருக்கும் சொல்லாமல் வைச்சிருந்தவையாம். அது அழிஞ்சு போச்சாம்" என்றார். சத்தமில்லாமல் உதட்டால் மட்டும் சொன்னார். எனக்கு எப்போதும் அப்படிச் சொன்னால்தான் நன்றாக விளங்கும்.

"எப்ப?" என்றேன்.

அவர் கையிலிருந்த போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "முதல் உமக்குத்தான் சொன்னவளாம். ஆஸ்பத்திரியாலை வந்த உடனை. அப்பாவுக்கு இப்ப சொல்ல வேண்டாம், அம்மாவோடைதான் கதைக்க வேணும் எண்டு எடுத்தவளாம்." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீர் சிரிச்சனீராம்."

நான் அந்தப் படியிலேயே இருந்துவிட்டேன். என் மகள் தன் பிள்ளையை இழந்து, தன் தகப்பனையும் விலக்கிவிட்டு, தாயைத் தேடி வந்து அழுதிருக்கிறாள். தாய் வாய் விட்டுச் சிரித்திருக்கிறாள். நல்லது நல்லது என்றும் சொல்லியிருக்கிறாள். மண்ணுக்குள் புதையலாம் என்று சொல்வார்களே, அதற்கு முன்னம் நான் அந்தச் சொல்லைச் சும்மா பாவித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அது என்னவென்று தெரிந்தது. என் கணவர் பக்கத்தில் இருந்து, "என்ரை பிழையப்பா, நான்தான் உம்மை..." என்று தொடங்கினார். "வாயை மூடுங்கோ" என்றேன். அவர் மேல் கோபம் வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வரவில்லை. அவர் வசனங்களைத்தான் சொல்லித் தந்தார். மகளிடம் ஓம் போட்டது நான். அன்று பின்னேரம் வந்த பிள்ளைகளை அவர் வகுப்பில்லை என்று திருப்பி அனுப்பினார்.

உடனே மகளுக்கு எடுக்கத்தான் நினைத்தேன். போனைத் தூக்கினால் கை கூசியது. எடுத்து என்ன சொல்வது? அவள் சொல்கிற பதில் எனக்கு எப்படிக் கேட்கும்? திரும்பவும் ஒரு வண்டுக்கு ஓம் போடுவதா? வட்ஸ்அப்பில் எழுதப் பார்த்தேன், எழுதி எழுதி அழித்தேன். 'அண்டைக்கு எனக்குக் கேக்கேல்லை' என்பதை எழுத்தில் பார்த்தபோது அது தப்பிக்கச் சொல்கிற ஒரு சாட்டுப்போலவே இருந்தது.

ஆகவே முதலில் கிளினிக்குக்குப் போனேன். தனியாகப் போனேன். அவர் வர வெளிக்கிட்டபோது வேண்டாம் என்றேன். சோதிக்கிற பிள்ளை என்னைக் கண்டு திடுக்கிட்டாள். "என்ன அன்ரி, உங்களுக்கு இன்னும் நாள் இருக்கே?" என்றாள். "எனக்கு முன்னம் தராத வசனமாய்ப் பாத்துத் தாங்கோ பிள்ளை" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

புது வசனங்கள் வந்தன. அமைதியில் பாதியும் தேறவில்லை. இரைச்சலில் அனேகமாக ஒன்றுமே இல்லை. நான் மெல்ல விஷயத்தைச் சொன்னேன், பஸ்ஸில் தொடங்கிய ரியூசனிலிருந்து. அந்தப் பிள்ளை சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. "சேரை உள்ளுக்கு விட்டது நான்" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கும் முகம் சிவந்து போயிருந்தது.

"இன்னொரு உதவி" என்றேன். "எனக்குப் பின்னாலை வந்து நிண்டு ஒருக்காச் சிரியுங்கோ. பிறகு ஒருக்கா அழுங்கோ."

அவள் தயங்கினாள். பிறகு வந்து நின்றாள். பஞ்சு வைத்த அந்த அறைக்குள், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பிள்ளை எனக்குப் பின்னால் நின்று பொய்யாகச் சிரித்தாள், பொய்யாக அழுதாள். எனக்குக் கேட்டது ஒரே சத்தம், இரண்டு தடவை. எது எது என்று சொல்லப் பார்த்தேன், மாறிச் சொன்னேன். இன்னொருமுறை செய்வித்தேன். அப்போதும் பிடிபடவில்லை. அவள் முன்னால் வந்து, உதடு தெரிய நின்று சொன்னாள். "அன்ரி, இந்த மெசினிலை சொல்லுத்தான் வரும். குரல் ஏறுறது இறங்கிறது வடிவாய் வராது. அழுகையையும் சிரிப்பையும் பிரிக்கிறது கனபேருக்குக் கஷ்டம். நாங்கள் அதைச் சோதிக்கிறதும் இல்லை." உண்மைதான். அந்த வசனங்களில் தம்பி பந்து எறிகிறான், அக்கா கத்தரிக்காய் வாங்குகிறாள், பால்காரர் வராமல் இருக்கிறார். ஒருவரும் அழுவதில்லை.

அவள் மெசினைத் திரும்பவும் சரிக்கட்டினாள். போன முறை என் முழுப் புள்ளியைப் பார்த்துவிட்டுத் தொடாமல் விட்டதை இம்முறை நெடுநேரம் எடுத்துச் செய்தாள். வெளியே வந்தபோது சத்தங்களுக்குக் கொஞ்சம் விளிம்பு வந்திருந்தது. அந்தத் திருத்தம் முன்னமே நடந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் இருந்தேன். நடந்திருந்தாலும் அன்றைக்கு என் மகள் அழுதது விளங்கியிருக்காது. ஆனால் இரண்டு மூன்று சொல்லாவது விழுந்திருக்கும், விழுந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன். அல்லது எனக்கு அந்தப் புள்ளி கிடையாமல் இருந்திருந்தால், கேட்கவில்லை என்று கூச்சமில்லாமல் சொல்லியிருப்பேன். வீடு வரும்வரை இப்படியே மாறி மாறி நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, உடுப்பும் மாற்றாமல், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மகளுக்கு எடுத்தேன். வீடியோ போடவில்லை. அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. கனநேரம் அடித்த பிறகு எடுத்தாள்.

"அம்மா" என்றாள்.

"பிள்ளை, நீ கதையாதை. நான் முதல் சொல்லி முடிக்கிறன்" என்றேன். "அண்டைக்கு நீ சொன்னதிலை ஒரு சொல்லும் எனக்குக் கேக்கேல்லை. நீ அழுதது எனக்குச் சிரிக்கிற மாதிரிக் கேட்டது. அதுதான் நானும் சிரிச்சனான். கேக்கேல்லை எண்டு சொல்ல எனக்கு வெக்கமாய்ப் போச்சு. அந்தச் சோதினையும் பொய். அப்பா சொல்லித்தர வசனமெல்லாம் பாடமாக்கிப்போட்டுப் போய்ச் சொன்னனான். உனக்கு நடந்தது இப்பதான் எனக்குத் தெரியும், அதுவும் அப்பா சொல்லித்தான்."

லைன் இருக்கிறதா என்று போனை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. திரும்பக் காதுக்குப் பின்னால் வைத்தேன்.

"அண்டைக்குச் சொன்னதைத் திருப்பி எனக்குச் சொல்லு மகள்" என்றேன். "ஆறுதலாய், மெல்ல மெல்லச் சொல்லு. விளங்காட்டில் விளங்கேல்லை எண்டு சொல்லுவன்."

அவள் சொன்னாள். மெதுவாக, சொல் சொல்லாக, செவிட்டுத் தாயோடு கதைத்துப் பழகிய பிள்ளை சொல்கிற மாதிரிச் சொன்னாள். "அதை ஒருக்காத்தான் அம்மா என்னாலை சொல்ல ஏலுமாய் இருந்தது. திருப்பிச் சொல்ல ஏலாது."

அவ்வளவும் எனக்குக் கேட்டது. ஒரு சொல் தவறவில்லை.

அதன் பிறகு சத்தம் வந்தது. விட்டு விட்டு, இழுத்து இழுத்து. அன்றைக்கு வந்த அதே சத்தமாகத்தான் எனக்குக் கேட்டது. இந்த முறையும் அது என்னவென்று என் காதுக்குத் தெரியவில்லை. நான் ஓம் போடவில்லை.

"அழுறியோ பிள்ளை?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியேல்லை. நீதான் சொல்ல வேணும்."

போனை மெசினோடு இன்னும் ஒட்டிப் பிடித்தேன்.

"ஓம் அம்மா" என்றாள்.